மெக்கானிக்கல் படிச்சவர் எடுத்த முதல் எக்ஸ்-ரே

எக்ஸ்-ரேவைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா பள்ளிக்கூடப் பிள்ளைகூட ராண்ட்ஜென்னு சொல்லிடும். ஆனா அவர் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜென் 1845 மார்ச் 27-ல் ஜெர்மனியின் லென்னெப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. இவர் ஒரே பிள்ளை. மூணு வயசுல குடும்பம் நெதர்லாந்துக்குக் குடிபோனது. உட்ரெக்ட் நகரத்துப் பள்ளியில் யாரோ ஒரு பையன் வாத்தியாரைக் கேலிச்சித்திரமா வரைஞ்சுட்டான். வரைஞ்சவன் பேரைச் சொல்லுன்னு இவரைக் கேட்டாங்க, இவர் வாயே திறக்கல. பள்ளியை விட்டே அனுப்பிட்டாங்க. பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான சான்றிதழும் அதோட போச்சு.

அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே சேர்த்துக்கிட்டது சூரிச் பாலிடெக்னிக். 1868-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ, அடுத்த வருஷமே டாக்டர் பட்டம். அப்பவும் பழைய கதை விடல. பள்ளிச் சான்றிதழ் இல்லைன்னு காட்டியே வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியர் தகுதி தர மறுத்தது. அதே இடத்துக்கு 1888-ல் பேராசிரியரா வந்து, 1894-ல் தலைவராவும் ஆனார். அரியர் வெச்சிருக்கிறவங்க இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்!

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. கறுப்பு அட்டையால் மூடின மின்குழாயை ஓடவிட்டார். தள்ளி இருந்த ஒரு திரை இருட்டில் ஒளிர்ந்தது. என்ன கதிர்னு புரியாததால் எக்ஸ்னு பேர் வெச்சார். அதுக்கப்புறம் ஏழு வாரம் ஆய்வுக்கூடத்தை விட்டு அதிகம் வெளியே வரல. டிசம்பர் 22-ல் மனைவி பெர்தாவின் கையைத் தகட்டில் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். மோதிரத்தைத்தான் பார்ப்போம். விரல் மூட்டுகளைக் கவனிச்சுப் பாருங்க: ஒரு எலும்பு இன்னொன்றைத் தொடவே இல்லை, நடுவுல வெற்றிடம். உண்மையில அது காலி இடம் இல்ல, குருத்தெலும்பு. அதில் கால்சியம் இல்லாததால் கதிர் தடையில்லாம ஊடுருவிப் போயிடுது. எலும்பைக் காட்டின முதல் படமே, எது தெரியாதுன்னும் சேர்த்துக் காட்டிடுச்சு.

உத்திரமேரூர் பக்கம் கபடி ஆடுற பசங்களுக்கு இது வெறும் இயற்பியல் இல்ல. கால் முறுக்கி முட்டிச் சிப்பி விலகித் திரும்ப உட்காரும்போது, குருத்தெலும்பு அடியில இருக்கிற எலும்பையும் ஒரு செதிலா பேத்துக்கிட்டு வரலாம். எக்ஸ்-ரேயில் அந்த எலும்புச் செதில் மட்டும் நகக்கீறல் மாதிரி தெரியும். பல நேரம் அதுவும் தெரியாது. ரிப்போர்ட்ல நார்மல்னு வரும். புத்தூர் கட்டு போட்டுக்கிட்டு மறுபடி மைதானத்துக்குப் போயிடுவாங்க. கட்டுறவர் கை எவ்வளவு தேர்ந்ததா இருந்தாலும் மூட்டுக்குள்ள மிதக்கிற செதிலைத் தடவிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வேற தடயங்கள் உண்டு. அடிபட்ட ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள முட்டி புஸ்ஸுன்னு வீங்கினா உள்ளே ரத்தம் இறங்கியிருக்கலாம். நீட்ட முடியாம கால் பூட்டிக்கிட்டா உள்ளே ஏதோ துண்டு மாட்டியிருக்கலாம். படுக்கவெச்சு, கதிரைக் கிடைமட்டமா பக்கவாட்டில் செலுத்திப் படம் எடுத்தா, எலும்பு மஜ்ஜையிலிருந்து கசிந்த கொழுப்பு ரசத்து மேல நெய் மாதிரி ரத்தத்தின் மேல மிதந்து ஒரு நேர்கோடா தெரியும். அந்தக் கோடு இருந்தா எங்கேயோ எலும்பு உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். குருத்தெலும்பையே பார்க்க எம்ஆர்ஐ வேணும். அதுக்குக் காஞ்சியோ செங்கல்பட்டோ போகணும். அலைச்சல்தான். ஆனா பெரிய துண்டா இருந்தா சீக்கிரம் போனால் பழைய இடத்திலேயே பொருத்தலாம். மாசக்கணக்கில் விட்டால் ஓரம் தேஞ்சு, பொருந்தாமலே போகலாம்.

ராண்ட்ஜென் கதைக்கு வருவோம். 1896 ஜனவரி முடியறதுக்குள்ள உலகமே அவர் பேரைச் சொன்னது. எலும்பு முறிவு பார்க்க டாக்டர்கள் உடனே எக்ஸ்-ரேவைப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. மெட்ராஸ் பொது மருத்துவமனையில் இதுக்குன்னே பெர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-ல் வந்தது. அவர் காப்புரிமை மட்டும் வாங்கல. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு கிடைச்சது. பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துட்டார்.

1919-ல் பெர்தா இறந்தார். முதல் உலகப் போருக்கு அப்புறம் வந்த பணவீக்கத்தில் அவர் சேமிப்பு கரைஞ்சு போச்சு. 1923 பிப்ரவரி 10-ல் குடல் புற்றுநோயால் மியூனிக்கில் காலமானார். அவர் விருப்பப்படியே கடிதங்களையும் ஆய்வுக் குறிப்புகளையும் எரிச்சுட்டாங்க. கீஸன் நகரத்துப் பழைய கல்லறையில், பெற்றோரும் பெர்தாவும் இருக்கிற இடத்திலேயே அவரையும் அடக்கம் செஞ்சாங்க.