வாளுக்கும் மந்திரத்துக்கும் தராசு பிடித்தவர்

வாளேந்திய வீரன் ஒருவன். வாயில் மந்திரம் வைத்திருக்கும் மந்திரவாதி ஒருவன். இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

மந்திரவாதிதான் என்று குழந்தைகூடச் சொல்லும். ஒரு சொல்லில் ஊரையே எரிக்கக் கூடியவனிடம் வாள் என்ன செய்யும்?

கதையில் இப்படி நடந்தால் குற்றம் இல்லை. விளையாட்டில் நடந்தால்? எல்லாரும் மந்திரவாதியாகத்தான் விளையாட விரும்புவார்கள். வீரனாக விளையாட யார் வருவார்கள்?

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டவர், அமெரிக்காவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ்.

பிடில்காரர் மகன்

கைகாக்ஸ் 1938-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தகப்பனார் சுவிட்சர்லாந்தில் இருந்து குடியேறியவர். பிடில் வாசிப்பவர். இரவு நேரத்தில் மகனுக்குக் கதை சொல்வார். மாய வாள், மந்திர மோதிரம், பொல்லாத சூனியக்காரன் எல்லாம் அந்தக் கதைகளில் வருவார்கள்.

கைகாக்சுக்கு 8 வயதானபோது குடும்பம் லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குக் குடிபோயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையில் அமைந்த ஊர் அது. அங்கே சதுரங்கமும், சீட்டும், பொம்மைப் படைகளை வைத்து நடத்தும் போர் விளையாட்டும் அவரைப் பிடித்துக்கொண்டன. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார்.

1958-ல் திருமணம் நடந்தது. ஐந்து குழந்தைகள் பிறந்தன. சிகாகோவில் ஓர் இன்சூரன்சு கம்பெனியில் வேலை கிடைத்தது. யாருக்கு எவ்வளவு ஆபத்து, அதற்கு எவ்வளவு பணம் வாங்கலாம் என்று கணக்குப் போடும் வேலை. ஒன்றை ஒன்றோடு எடை போடும் பழக்கம் அவருக்குத் தொழிலாகவே அமைந்தது.

1968-ல் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபத்தை எடுத்து, தன் ஊரில் விளையாட்டுப் பிரியர்களைக் கூட்டினார். "ஜென் கான்" என்ற அந்தக் கூட்டம் இன்றும் நடக்கிறது. 2023-ல் அதற்கு 70 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

வேலை போயிற்று

1970-ல் கைகாக்சின் வேலை போய்விட்டது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். என்ன செய்வது? வீட்டின் அடித்தளத்து அறையில் உட்கார்ந்து செருப்பு பழுது பார்த்தார். மிஞ்சிய நேரத்தில் விளையாட்டு விதிகளை எழுதினார்.

1971-ல் ஜெப் பெர்ரன் என்ற நண்பருடன் சேர்ந்து "செயின்மெயில்" என்ற போர் விளையாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். அதன் பின் பகுதியில் மந்திரவாதிகளும் வந்தார்கள். கவண் பொறி கல் வீசுவதுபோல் நெருப்பு உருண்டை வீசினார்கள். அதனால் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை. ஏனென்றால் ஒரு படை முழுவதும் ஒரே ஆளின் கையில் இருந்தது. வீரனும் அவருடையவன், மந்திரவாதியும் அவருடையவன்.

1972-ல் நிலைமை மாறியது. டேவ் ஆர்னிசன் என்ற இளைஞர் லேக் ஜெனீவாவுக்கு வந்து தன்னுடைய விளையாட்டை நடத்திக் காட்டினார். அதில் ஒருவர் ஒரு படையை நடத்தவில்லை. ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆளாக நடித்தார்கள். ஒருவர் வீரன். மற்றொருவர் மந்திரவாதி. நடுவராக இருப்பவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். இருட்டு நிலவறைக்குள் நுழைவதா, திரும்புவதா என்று ஆடுகிறவர்கள் முடிவு செய்வார்கள். வெற்றி தோல்வியைப் பகடை சொல்லும்.

கைகாக்ஸ் சொக்கிப்போனார். உடனே விதிகளை எழுதத் தொடங்கினார். எழுதியதை முதலில் விளையாடிப் பார்த்தவர்களில் அவருடைய மகனும் மகளும் இருந்தார்கள்.

தராசு பிடித்த விதம்

இப்போதுதான் அந்தச் சிக்கல் தலைதூக்கியது. மேசையைச் சுற்றி நண்பர்கள் இருக்கிறார்கள். மந்திரவாதி ஒருவனே எல்லாவற்றையும் முடித்துவிட்டால், மற்றவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்?

கைகாக்ஸ் மந்திரத்துக்கு விலை வைத்தார்.

ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-ல் வெளியிட்ட கதைப் புத்தகத்தில், மந்திரவாதிகள் மந்திரத்தை மனப்பாடம் செய்வார்கள். ஒரு தடவை சொன்னதும் அது நினைவில் இருந்து அழிந்துவிடும். கைகாக்ஸ் இந்த யோசனையை எடுத்துக்கொண்டார். அவருடைய விளையாட்டில் புதிய மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அதைச் சொல்லிவிட்டால் அன்று வெறுங்கை. கவசம் அணியக் கூடாது. ஆயுதம் ஒரு குத்துவாள் மட்டும். வீரனோ எந்தக் கவசமும் அணியலாம். எந்த ஆயுதமும் ஏந்தலாம்.

முதல் படியில் இருந்து இரண்டாம் படிக்கு ஏற வீரனுக்கு 2,000 புள்ளி வேண்டும். மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். 1975-ல் வந்த சேர்க்கைப் புத்தகத்தில், அடி தாங்கும் சக்தியைக் கணக்கிட வீரனுக்கு எட்டு முகப் பகடையும், மந்திரவாதிக்கு நாலு முகப் பகடையும் தரப்பட்டன.

ஆகவே ஆரம்பத்தில் மந்திரவாதி சோப்ளாங்கி. ஒரே அடியில் செத்துவிடுவான். வீரன்தான் முன்னால் நின்று அவனைக் காக்க வேண்டும். ஐந்தாம் படிக்கு வந்தபின் அதே மந்திரவாதி நெருப்பு உருண்டை வீசிக் கூட்டத்தோடு எதிரிகளை அழிப்பான். அன்று காப்பாற்றியவனுக்கு இன்று கைம்மாறு. இன்று உன் முறை, நாளை என் முறை என்பதே அவர் பிடித்த தராசு.

புகழும் சரிவும்

பெரிய கம்பெனி இந்த விளையாட்டை ஏற்கவில்லை. எனவே 1973-ல் பால்ய நண்பர் டான் கே என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1974 ஜனவரியில் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" பிறந்தது. நிலவறைகளும், நெருப்பைக் கக்கும் பறக்கும் நாகங்களும் என்று அதற்குப் பொருள். விலை 10 டாலர். அச்சிட்டது ஆயிரம் பெட்டி. வீட்டிலேயே கையால் அடுக்கிய அந்தப் பெட்டிகள் ஓராண்டுக்குள் தீர்ந்தன.

ஆனால் மறு ஆண்டு ஜனவரியில் டான் கே மாரடைப்பால் இறந்துவிட்டார். அவருடைய பங்கை வாங்கக் கைகாக்சிடம் பணம் இல்லை. பங்கு பிறர் கைக்குப் போயிற்று. தான் தொடங்கிய கம்பெனியில் கைகாக்ஸ் சிறுபான்மைப் பங்குதாரர் ஆனார்.

ஆர்னிசனுடனும் மனக்கசப்பு வந்தது. விளையாட்டை உண்டாக்கிய பெருமையிலும் பணத்திலும் தனக்கு உரிய பங்கு வேண்டும் என்று 1979-ல் ஆர்னிசன் வழக்குப் போட்டார். 1981-ல் சமரசம் ஆயிற்று. 1985-ல் கைகாக்ஸ் கம்பெனியின் பிடியை இழந்தார். கோர்ட்டுக்குப் போயும் பலன் இல்லை. மறு ஆண்டு வெளியேறினார். மேசையில் எல்லாருக்கும் முறை வைத்துக் கொடுத்தவருக்குக் கம்பெனியில் அந்தத் தராசு கிட்டவில்லை.

அவர் விளையாட்டை மட்டும் விடவில்லை. வயதான பிறகும் லேக் ஜெனீவாவில் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து பகடை உருட்டினார். 2008-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி, 69-வது வயதில் காலமானார்.

முடியாத வாதம்

கைகாக்சின் தராசில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. உயர்ந்த படிகளுக்குப் போனால் மந்திரவாதியின் தட்டு தாழ்ந்துவிடும். வீரன் வேடிக்கை பார்க்க வேண்டியதாகும். ஆட்டம் இடையில் நின்றாலோ மந்திரவாதியின் முறை வராமலே போய்விடும்.

அவர் இறந்த அதே ஆண்டு ஜூன் மாதம் விளையாட்டின் நான்காம் பதிப்பு வந்தது. அதில் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அளவாகச் சக்தியைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். சண்டை தீர்ந்ததா? இல்லை. இருவரும் ஒன்றுபோல் ஆகிவிட்டார்களே என்று பலர் குறைப்பட்டார்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இருவரும் மீண்டும் வெவ்வேறு வழியில் போனார்கள். வாதமும் பழையபடி தொடர்கிறது.

வீட்டில் அண்ணன் தம்பிக்குப் பங்கு பிரிக்கும் தாய்க்கும் இந்தத் தொல்லை உண்டு. இருவருக்கும் ஒரே பண்டத்தை ஒரே அளவில் கொடுத்தாலும் ஒருவன் முகம் சுளிப்பான். அவனவனுக்கு வேண்டியது அவனவன் நேரத்தில் கிடைத்தால் இருவரும் சிரிப்பார்கள். செருப்புத் தைத்த அறையில் இருந்துகொண்டு கைகாக்ஸ் கண்டதும் அதுவே.