பிடில் மேதை துவாரம் வேங்கடசாமி நாயுடு

தென்னாட்டு சங்கீத உலகில் பிடில் வாத்தியத்தைக் கையாண்டு கீர்த்தி பெற்ற வித்வான்கள் பலர். அவர்களுள் துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்களுக்குரிய ஸ்தானம் தனிப்பட்டது. பரம்பரை பரம்பரையாக சங்கீதத்தையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் அவர் பிறந்தவரல்லர். பிரசித்தி பெற்ற ஒரு குருவின் சிஷ்யர் என்று சொல்லிக்கொண்டு சபைக்கு வந்தவருமல்லர். கண் பார்வையோ இளமையிலேயே மங்கியிருந்தது. இவ்வளவு குறைகளுக்கு இடையிலும் பக்க வாத்தியம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பிடிலை மேடையின் நடுவே கொணர்ந்து நிறுத்தினார் அவர். அந்த வரலாறு நம்மவர் அறிந்திருக்க வேண்டியதொன்று.

நாயுடு அவர்கள் 1893-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி, தீபாவளித் திருநாளன்று, பெங்களூரில் பிறந்தார். வளர்ந்தது விசாகப்பட்டணத்தில். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவது பிள்ளையின் கண்ணுக்குப் புலப்படவில்லை. படிப்பு நின்றது. எழுத்துப் படிப்பையே உத்தியோகத்துக்கு வாயிலாக எண்ணிய அக்காலத்தில், பள்ளியினின்று விலகி வந்த சிறுவனின் எதிர்காலம் என்னவாகும் என்று வீட்டார் எவ்வளவு கலங்கியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தமையனார் வேங்கடகிருஷ்ணய்ய நாயுடுவுக்கு பிடில் வாசிக்கத் தெரியும். அவரே தம்பியின் கையில் வில்லைக் கொடுத்தார். கண்ணுக்குக் கிட்டாத வித்தை காதின் வழியே வந்து சேர்ந்தது. அதன் பின்னர் பல மணி நேரம் விடாது சாதகம் செய்வதே சிறுவனின் வாழ்வாயிற்று.

இவ்விடத்தில் அந்த வாத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிடில் ஐரோப்பியரின் வாத்தியம். முத்துசாமி தீக்ஷிதரின் இளைய சகோதரரான பாலுசாமி தீக்ஷிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று நமது ராகங்களை அதில் வாசித்துக் காட்டினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆஸ்தானத்தில் அதை மேலும் விளங்கச் செய்து, தந்தத்தாலான பிடிலொன்றைப் பரிசாகவும் பெற்றார். ஆயினும் நம்மவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. வெள்ளைக்காரர் நின்றுகொண்டு மோவாயின் கீழ் இடுக்கி வாசிப்பதை நாம் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பாகத்தை வலது பாதத்தின் மேல் ஊன்றி வாசிக்கலானோம். வாத்தியத்தைத் தாங்கும் பாரம் இடது கைக்கு இல்லாமற் போகவே, விரல்கள் தந்தியின் மேல் தாராளமாக வழுக்கிச் சென்று கமகங்களைப் பிடிக்க முடிந்தது. நான்கு தந்திகளையும் ஸட்ஜ பஞ்சமமாக மாற்றிச் சேர்த்துக்கொண்டோம். ஹார்மோனியமும் அந்நிய நாட்டிலிருந்து வந்ததுதான். அதன் கட்டைகளில் கமகம் பேசாது. 1940-ம் ஆண்டில் அகில இந்திய ரேடியோவே அதை விலக்கி வைத்தது. பிடிலை அவ்வாறு விலக்க வேண்டுமென்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அந்நியத் துணியைத் தீயிலிட்ட தேசபக்தர்களும் மாலையில் பிடிலுடன் கூடிய கச்சேரியைக் கேட்டு மகிழ்ந்தவர்கள்தாம். பொருள் எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும் அது யாருடைய பாஷையைப் பேசுகிறது என்பதே முக்கியமாகிவிடுகிறது போலும்!

1919-ம் ஆண்டில் ஆந்திர தேசத்து விஜயநகரத்தில் (ஹம்பி விஜயநகரமன்று, விசாகப்பட்டணத்துக்கு அருகிலுள்ள சமஸ்தானம்) மகாராஜாவின் ஆதரவில் சங்கீத கலாசாலை தோன்றிற்று. ஹரிகதையில் இணையற்ற ஆதிபட்ல நாராயணதாஸரே அதன் முதல் தலைவர். அங்கே மாணாக்கராகச் சேர்ந்து பயிலலாமென்று நாயுடு அவர்கள் சென்றாரென்றும், வாசிப்பைக் கேட்ட தாஸர் அவரை மாணாக்கராக அல்ல, ஆசிரியராகவே அமர்த்திக்கொண்டாரென்றும் சொல்லப்படுகிறது. எவ்வாறாயினும் இருபத்தாறு வயதுக்குள் அவர் அந்தக் கலாசாலையில் பிடில் ஆசிரியராகிவிட்டது உண்மை. 1936-ல் தாஸர் விலகியபின் தலைமைப் பதவியும் அவரையே வந்தடைந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் கல்லூரிக்குத் தலைவரான விந்தையை, பட்டங்களையே அளவுகோலாகக் கொள்ளும் நமது கல்வி அதிகாரிகள் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

சென்னையிலும் தமிழ் ஜில்லாக்களிலும் அவர் பெயர் பரவுவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முதலிய பெரும் பாடகர்களுக்கு அவர் பக்க வாத்தியம் வாசித்தார். மைசூர் சௌடய்யா, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, நாயுடு ஆகிய மூவரையும் பிடில் மும்மூர்த்திகளென்று ரசிகர்கள் ஒருங்கே போற்றினர். மூவரின் வழியும் வெவ்வேறு. ஒலிபெருக்கி இல்லாத பெரிய கொட்டகைகளில் பிடிலின் நாதம் பின்வரிசைக்கு எட்டுவதில்லை என்று கண்ட சௌடய்யா, தந்திகளின் எண்ணிக்கையை ஏழாக்கினார். ராஜமாணிக்கம் பிள்ளையின் வாசிப்பு பாடகரை நிழலென்று தொடர்ந்து அடக்கத்திலேயே அழகு காட்டுவது. நாயுடு அவர்களோ நான்கு தந்திகளையே வைத்துக்கொண்டு வில்லின் மீது நம்பிக்கை வைத்தார்.

அவர் வாசிப்பின் ரகசியமெல்லாம் வலது கையில் இருந்தது. நம் நாட்டுப் பிடில்காரர்களில் அநேகர் இடது கை விரல்களின் சாமர்த்தியத்தையே பெரிதாகக் கருதி, வில்லை ஏதோ தந்தியை உராய்வதற்குரிய ஒரு குச்சியாகப் பாவித்து வந்தார்கள். ஐரோப்பியர் வில்லுக்காகவே வருஷக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள் என்பதை அறிந்து, மேனாட்டு முறையை மரியாதையுடன் கவனித்து, அதில் நமக்கு வேண்டியதை நாயுடு அவர்கள் எடுத்துக்கொண்டார். வில்லின் நுனி முதல் அடி வரையில் முழு நீளத்தையும் இழுத்து வாசிப்பார். எங்கே வில் திரும்பியது என்று கேட்போருக்குத் தெரியாது. நாதம் அறாமல், கரகரப்பின்றி, உருண்டு திரண்டு வரும். மேனாட்டுச் சரக்கை மேடையில் விரித்துக் காட்டி மயக்குவது அவர் எண்ணமன்று. வில்லின் நடை மேற்கிலிருந்து வந்தது. அது சுமந்து வந்த தோடியும் கல்யாணியும் முற்றிலும் நம்முடையவை. பிறரிடம் கடன் வாங்குவது எப்படி என்பதில் நமது கலைஞர்கள் பலர் இன்றும் தடுமாறுகின்றனர். அவரிடம் அந்தத் தடுமாற்றம் இருந்ததில்லை.

ச்ருதி விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பும் பிரசித்தம். தம்புராவைப் பற்றியும் பிடில் வாசிக்கும் முறையைப் பற்றியும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகள் எழுதினார். கச்சேரிக்கு முன் அவசர அவசரமாகத் தம்புராவை முறுக்கிவிட்டுப் பாட ஆரம்பிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கும்போது, தம்புராவின் நாதத்தையே ஒரு சங்கீதமாகக் கேட்கப் பழக வேண்டுமென்று கருதிய ஆசிரியர் அவர். பார்வை குன்றிய மனிதருக்குச் செவியின் நுட்பம் பெருகுவது இயல்பென்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நமக்கு அது முழுச் சமாதானமாகத் தோன்றவில்லை. பார்வை குன்றியவர் எத்தனையோ பேர், நாயுடு ஒருவரே. விடாமுயற்சிக்குச் சேர வேண்டிய பெருமையை விதிக்குக் கொடுத்துவிடலாகாது.

1938-ல் வேலூரில் அவர் பிடிலைத் தனியாகவே வாசித்துக் கச்சேரி செய்தார். இன்று கேட்பவர்களுக்கு இது சாதாரணமாகப்படலாம். அன்று வாய்ப்பாட்டே சங்கீதம், மற்றவையெல்லாம் அதன் பரிவாரம் என்ற எண்ணம் வலுத்திருந்தது. வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் நாகஸ்வரத்துக்கும் தனி மேடை உண்டு. பிடில்காரர் மட்டும் பாடகரின் இடப்புறத்தில் அமர்ந்து, அவர் பாடியதைத் திருப்பி வாசித்து, அவர் ஓய்வெடுக்கும் சிறிது நேரத்தில் தம் கற்பனையைக் காட்டிவிட்டு மீண்டும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சன்மானத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். முழுக் கச்சேரியையும் பிடிலே நடத்த இயலும், ராகமும் கீர்த்தனமும் ஸ்வரமும் சொற்களின் துணையின்றியே சபையைக் கட்டி வைக்கும் என்பதை நாயுடு அவர்கள் நிலைநாட்டினார். பிற்காலத்தில் லால்குடி ஜயராமனும் எம். எஸ். கோபாலகிருஷ்ணனும் தனிக் கச்சேரிகளால் உலகப் புகழ் பெற்றபோது அவர்கள் நடந்த பாதை ஏற்கெனவே செப்பனிடப்பட்டிருந்தது.

1941-ல் சென்னை சங்கீத வித்வத் சபை அவருக்கு சங்கீத கலாநிதி விருதளித்துக் கௌரவித்தது. அந்த ஆண்டில்தான் அண்ணாமலை சர்வகலாசாலையில் தமிழிசை மகாநாடு கூடி, மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டுமென்று வற்புறுத்தியது. அக்கோரிக்கை நியாயமானதென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பாடுகின்ற மொழி பற்றி இரு தரப்பாரும் வெகு காரமாக வாதாடிய அந்தக் காலத்தில், தெலுங்கரான நாயுடு அவர்களின் பிடிலைத் தமிழ் ரசிகர்கள் எவ்வித மனத்தாங்கலுமின்றிக் கேட்டுக் கரகோஷம் செய்தார்கள்.

தேசம் விடுதலை பெற்ற பின் சர்க்காரின் கௌரவங்களும் வந்தன. 1953-ல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1957-ல் பத்மஸ்ரீ விருதும் அளிக்கப்பட்டன. இவற்றைக் காட்டிலும் ரசமானது 1952-ம் ஆண்டு நிகழ்ச்சி. உலகப் பிரசித்தி பெற்ற பிடில் வித்வான் யெஹூதி மெனுஹின் அவ்வாண்டு இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் பிரதம நீதிபதி ராஜமன்னார் அவர்களின் இல்லத்தில் நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு வியந்து மகிழ்ந்தார். ஐரோப்பாவிலிருந்து புறப்பட்ட வாத்தியம் நூற்றைம்பது ஆண்டுகள் நம் நாட்டில் வாழ்ந்து என்னவாக மாறியிருக்கிறதென்று, அந்த வாத்தியத்தின் சொந்தக்காரருக்கே காட்டக் கிடைத்த தருணம் அது.

1964-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி, எழுபத்தோராவது வயதில் அவர் காலமானார். விஜயநகரக் கலாசாலையின் தலைமைப் பதவியை அவர் குடும்பத்தைச் சேர்ந்த நரசிங்கராவ் நாயுடுவும் பாவநாராயணராவும் பின்னாளில் வகித்தனர். குமாரி மங்கத்தாயாரும் தந்தையின் வில்லைக் கைவிடாது காத்தவர். நாயுடு அவர்களின் வாசிப்பு கிராமபோன் இசைத்தட்டுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரு தட்டின் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷமே அவகாசம். அதற்குள் ராகத்தின் உருவத்தை அவர் தீட்டி முடித்துவிடுவார். தேய்ந்த தட்டின் இரைச்சலையும் மீறி அந்த நீண்ட வில்லின் நாதம் இன்றும் தெளிவாகவே கேட்கிறது.