காட்டை வரைந்தவர்

தாம்பரத்தை அடுத்த வண்டலூர், நன்மங்கலம் பகுதிகளில் முட்புதர் மண்டிய நிலங்கள் இன்றும் உள்ளன. அவற்றைத் தரிசு எனக் கருதுவோர் பலர். அத்தகைய நிலமும் காடாகும் இயல்புடையது என்பதை வரைபடத்தில் காட்டியவர், பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் ஆன்ரி கோசென்.

1891ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் தெற்குப் பிரான்சில் பிறந்த கோசென், துலூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். பைரனீஸ் மலைத்தொடரில் ஏறி இறங்கி, செடிகொடிகளை ஆராய்ந்து, ஒளிப்படங்களைத் திரட்டினார். 1926இல் அம்மலைத் தாவரங்களைப் பற்றிய ஆய்வேட்டை வெளியிட்டார்.

ஓரிடத்தில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட, எத்தனை மாதங்கள் வறண்டிருக்கின்றன என்பதே அங்கு வளரும் மரத்தைத் தீர்மானிக்கிறது என அவர் கருதினார். மில்லிமீட்டரில் அளந்த மாத மழை, செல்சியசில் அளந்த சராசரி வெப்பநிலையின் இருமடங்கை எட்டாவிடில் அது வறண்ட மாதம் என்று 1953இல் வரையறுத்தார். சராசரி வெப்பநிலை 30 பாகையாயின், 60 மில்லிமீட்டர் மழையேனும் வேண்டும். இன்றும் இவ்வளவீடு உலகெங்கும் பயன்படுகிறது.

அவருடைய வரைபடத்தில் வண்ணங்கள் அழகுக்காகத் தீட்டப்பட்டவை அல்ல; ஈரத்தையும் வெப்பத்தையும் உணர்த்துபவை. அடர்காடும், அது வெட்டுண்டு சிதைந்த புதரும் ஒரே வண்ணம் பெற்றன. காட்டுக்கு முழுப்பூச்சும், புதருக்குக் கோடுகளும் இடப்பட்டன.

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அவருடைய வழிகாட்டுதலில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து இந்நாட்டின் தாவர வரைபடங்களை உருவாக்கியது. கன்னியாகுமரித் தாள் 1961இலும், சென்னைத் தாள் 1963இலும் வெளிவந்தன. அவற்றில் ஒரு சென்டிமீட்டர் பத்துக் கிலோமீட்டரைக் குறிக்கும்; தாம்பரம் முதல் வண்டலூர் வரையிலான நிலம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆயினும், பாலையும் உசிலும் வளரத்தக்க நிலங்கள் எவையென அவ்வரைபடங்கள் தெளிவாகப் பகுத்துக் காட்டின.

கோசென் 1981இல் மறைந்தார். முழுச் செயல்பாட்டுக்கென இந்தியா உருவாக்கிய முதல் தொலை நுண்ணுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988இல் விண்ணில் ஏவப்பட்டது. ஒரு நிலம் இன்று எப்படி இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டும். வெட்டும் மேய்ச்சலும் நின்றால் அது எதுவாக வளரும் என்பதை அறிய, மண்ணையும் மழையையும் மரத்தையும் நேரில் ஆராய்ந்த அறிவு வேண்டும். ஒரு நிலத்தைத் தரிசு எனக் கூறிக் கட்டடங்களுக்கு விடுமுன் அவ்வினாவை எழுப்பக் கற்றுத்தந்ததே கோசென் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.