மதுவும் மருட்சியும்: ஓவியர் எட்வர்ட் மங்க்

பாலமொன்றின் மீது நின்று, இரு கைகளாலும் செவிகளைப் பொத்திக்கொண்டு, வாய் திறந்து நிற்கும் ஓர் உருவம். அதன் பின்னே குருதி நிறத்தில் வானம். ‘அலறல்’ என்னும் இவ்வோவியத்தை ஒருமுறையேனும் காணாதார் அரியர். இதனை 1893இல் தீட்டியவர் நோர்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மங்க். ஓவியம் அறியப்பட்ட அளவிற்கு ஓவியரின் வாழ்க்கை அறியப்படவில்லை. அறிந்தோரும், பித்தும் குடியும் கூடிப் பெற்றெடுத்த கலை என்பதாகவே அதனைச் சொல்லி வருகின்றனர். அது பாதிக் கதை. மறுபாதி அவருடைய நாற்பத்தைந்தாம் அகவையில், டென்மார்க் நாட்டு மருத்துவமனை ஒன்றில் தொடங்குகின்றது.

மங்க் 1863 டிசம்பர் 12ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிறிஸ்டியன் படைப்பிரிவு மருத்துவர். அச்சமூட்டும் அளவிற்குச் சமயப்பற்று மிக்கவர். நோர்வேயின் தலைநகராகிய கிறிஸ்டியானியாவில் (1925 முதல் ஆஸ்லோ) குடும்பம் வாழ்ந்தது. மங்க் ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, 1868இல், தாய் காசநோயால் மறைந்தார். தாயின் தங்கை கேரன் குழந்தைகள் ஐவரையும் வளர்த்தார். 1877இல் தமக்கை சோஃபியையும் அதே நோய் கொண்டு சென்றது. அப்போது அப்பெண்ணுக்கு வயது 15. தங்கை லாராவோ இளமையிலேயே மனநோய்க்கு ஆளாகி, மருத்துவமனைகளிலேயே நெடுங்காலம் கழித்து 1926இல் மறைந்தார். காசமும் பித்துமே தம் குடும்பம் தமக்கு விட்டுச்சென்ற சொத்து என்னும் எண்ணம் மங்கின் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றிவிட்டது. லாராவுக்கு நேர்ந்தது தமக்கும் நேரும் என்று அவர் வாழ்நாளெல்லாம் அஞ்சினார். இவ்வச்சத்தை உணராமல் அவருடைய குடியை உணர இயலாது.

பொறியியல் கற்கச் சென்றவர் ஓராண்டிலேயே அதனைக் கைவிட்டு ஓவியராக முடிவு செய்தார். தமக்கையின் சாவுப்படுக்கையை நினைந்து தீட்டிய ‘நோயுற்ற சிறுமி’ 1886இல் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஏளனமே பரிசாகக் கிடைத்தது. அக்காலத்தில் எழுத்தாளர் ஹான்ஸ் யேகரைச் சூழ்ந்திருந்த கட்டற்ற இளைஞர் குழுவில் மங்க் சேர்ந்தார். விடிய விடியப் பேச்சு, விடிய விடியக் குடி. 1892இல் பெர்லின் நகரில் அவர் வைத்த கண்காட்சி, எதிர்ப்பின் காரணமாக ஒரு வாரத்திலேயே மூடப்பட்டது. அந்த அவப்பெயரே அவருக்குப் புகழைத் தேடித் தந்தது எனலாம். பெர்லினில் ‘கறுப்புப் பன்றிக்குட்டி’ என்று அழைக்கப்பட்ட மதுக்கடை கலைஞர்தம் கூடுமிடமாக விளங்கியது. சுவீடன் நாட்டு நாடகாசிரியர் ஸ்ட்ரின்ட்பெர்க் அங்கே மங்கின் தோழர். தம்மைக் கொல்லச் சிலர் சூழ்ச்சி செய்வதாக நம்பிப் பாரிஸில் விடுதி விட்டு விடுதி மாறிய ஸ்ட்ரின்ட்பெர்க்கின் மனநெருக்கடிக் காலம் இதன்பின் சில ஆண்டுகளில் வந்ததாகும். அவரும் ‘அப்சிந்த்’ என்னும் கடுமையான பச்சை மதுவை நாடியவரே.

உள்ளம் கலங்கியோர் மதுவை ஏன் நாடுகின்றனர்? ஒழுக்கக்கேடு என்ற ஒரு சொல்லால் இவ்வினாவை மூடிவிடுதல் எளிது; அது விடையாகாது. காதில் குரல் கேட்போருக்கும், தெருவிற் செல்வோரெல்லாம் தம்மையே நோக்குவதாக எண்ணுவோருக்கும், முதற்குவளை சற்று அமைதி தருகின்றது. கூட்டத்தில் கலந்து பேசும் துணிவு வருகின்றது, உறக்கம் வருகின்றது. ஆனால் அந்த அமைதி கடனாகப் பெற்றதே. மதுவின் வேகம் தணியும்போது அச்சம் முன்னிலும் மிகுந்து திரும்புகின்றது, உறக்கம் குலைகின்றது. நெடுநாட் குடியே தனித்து நின்று பொய்க்குரல்களையும் ஐயப்பிரமையையும் உண்டாக்கவும் வல்லது. அஞ்சிக் குடிப்பதும், குடித்ததால் அஞ்சுவதும் செக்குமாட்டின் சுற்றாகிவிடும். 1990இல் அமெரிக்காவில் வெளியான பெரியதோர் ஆய்வு, மனச்சிதைவு நோயுடையோரில் 47 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் மது அல்லது போதைப்பொருள் சார்ந்த நோய்க்கும் ஆளானவர் என்று கண்டது. ஏறத்தாழ இருவரில் ஒருவர்! மங்க் விதிவிலக்கான விந்தை மனிதர் அல்லர்.

1895இல் கிறிஸ்டியானியாவில் அவருடைய ஓவியங்களைப் பற்றி மாணவர் மன்றத்தில் வாதம் நடைபெற்றது. மருத்துவ மாணவர் ஒருவர், ஓவியரே மனநலம் குன்றியவர் என்ற கருத்தை வெளிப்படுத்தினார். லாராவின் தமையனாகிய மங்குக்கு இச்சொல் எத்தகைய புண்ணைத் தந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ‘அலறல்’ ஓவியத்தின் இடப்பக்க மேல் மூலையில் பென்சிலால் எழுதிய சிறிய வரி ஒன்று உண்டு. பித்தன் ஒருவனே இதனைத் தீட்டியிருக்க முடியும் என்பது அதன் பொருள். பார்வையாளர் எவரோ கிறுக்கியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2021இல் நோர்வே தேசிய அருங்காட்சியகத்தார் அகச்சிவப்புக் கதிர்ப் படத்தின் துணையுடன் கையெழுத்தை ஒப்புநோக்கி, அதனை எழுதியவர் மங்கே என்று அறிவித்தனர். அது கேலியா, கதறலா என்று பிரித்தறிதல் கடினம். இரண்டும் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

அதன்பின் வந்த ஆண்டுகள் சரிவின் ஆண்டுகள். 1902இல் காதலி டுல்லா லார்சனுடன் நேர்ந்த பூசலின்போது கைத்துப்பாக்கி வெடித்து இடக்கை விரலொன்று சிதைந்தது. அந்நிகழ்ச்சிக்குப் பின், தாயகத்திலுள்ள பகைவர் கூட்டம் தம்மைத் துரத்துகிறது என்ற எண்ணம் அவரிடம் வளர்ந்தது. 1905இல் சக ஓவியர் கார்ஸ்டனுடன் கைகலப்பு மூண்டது. நோர்வேயை விட்டு விலகி, ஜெர்மானிய நகரங்களில் அலைந்தார். 1906இல் தீட்டிய தன்னுருவ ஓவியம் ஒன்றில், உணவகத்தில் மதுப்புட்டியின் முன் கைகளை மடிமீது கோத்து அமர்ந்திருக்கின்றார். ஓவியர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்ட நோய்க்குறிப்பாகவே அது காணப்படுகிறது. விந்தை யாதெனில், இதே ஆண்டுகளில் அவர் புகழும் வருவாயும் உயர்ந்துகொண்டே சென்றன. புகழ் அவரைக் காக்கவில்லை.

1908ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கோப்பன்ஹேகன் நகரில் அவர் முற்றிலும் நிலைகுலைந்தார். குரல்கள் கேட்டன, பின்தொடர்வோர் இருப்பதாக அஞ்சினார், உடலின் ஒருபுறம் மரத்துச் செயலிழந்தது. நண்பர் எம்மானுவேல் கோல்ட்ஸ்டீனின் துணையுடன் மருத்துவர் டேனியல் யாகப்சனின் மருத்துவமனையில் சேர்ந்தார். கட்டிவைத்து அழைத்துச் செல்லப்படவில்லை. உதவி வேண்டும் என்று தாமே உணர்ந்து சென்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அங்கே எட்டுத் திங்கள் தங்கினார். இக்காலத்து மனநோய் மருந்துகள் அப்போது இல்லை. அவற்றுள் முதலாவது கண்டறியப்பட மேலும் நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. ஓய்வு, உறக்கம், நல்லுணவு, நீராட்டு, தூய காற்று, செவிலியரின் பரிவு, மென்மையான மின்சாரச் சிகிச்சை இவையே அன்றைய மருத்துவம். எல்லாவற்றிற்கும் மேலாக, மது முற்றிலும் விலக்கப்பட்டது. நெடுநாட் குடிகாரர் வீட்டில் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மருட்சியும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம்; ஆதலின் மருத்துவர் கண்காணிப்பு இன்றியமையாதது. மங்க் சொன்னபடி கேட்ட நோயாளியும் அல்லர். தமக்கு மின்சாரம் பாய்ச்சும் மருத்துவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அறையையே ஓவியக்கூடமாக்கிக்கொண்டார். விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று விலங்குகளை வரைந்தார். கால்களை அகற்றி, இடுப்பில் கை வைத்து, நெருப்பு நிறங்களின் நடுவே பெருமிதத்துடன் நிற்கும் யாகப்சனின் முழுவுருவத்தையும் அங்கேயே தீட்டினார். நோயாளி மருத்துவரை ஆராய்ந்து தீட்டிய படம்!

1909இல் வெளிவந்த மங்க், கிராகெரோ என்னும் கடற்கரையூரில் குடியேறினார். பழைய பெருங்குடிக்கும் பழைய நண்பர் குழாத்திற்கும் அவர் மீளவில்லை. குடித்தோழர் கூட்டத்தினின்று விலகுவது குடியினின்று விலகுவதில் பாதி. தனிமை அதற்கு அவர் கொடுத்த விலை. அச்சம் அவரை முற்றிலும் விட்டகன்றது என்று சொல்வதற்கில்லை. துயரும் நோயும் தம் கலையின் பகுதிகள், அவற்றை இழக்கத் தாம் விரும்பவில்லை என்ற பொருளில் அவர் எழுதியதுண்டு. மதுவின் புகழ் பாடுவோர் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர். அவர் இழக்க விரும்பாதது தம் உள்ளத்தின் கூர்மையை, புட்டியை அன்று. புட்டியை அவர் விட்டார், தூரிகையை விடவில்லை. கவிஞன் என்றால் குடிக்கத்தான் செய்வான் என்று நம் இலக்கிய வட்டங்களிலும் பெருமிதத்தோடு சொல்லக் கேட்கிறோம். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த நூலை வகுப்பறையில் கற்பிக்கும் எனக்கு அப்பெருமிதம் விளங்கியதே இல்லை.

குடிநீங்கிய மங்க் வலிமை குன்றிய ஓவியர் என்று கூறும் திறனாய்வாளரும் உளர். அவர்கள் ஆஸ்லோ பல்கலைக்கழகப் பேரவைக்கூடத்தைக் காண வேண்டும். 1909இல் தொடங்கி அவர் உழைத்த பதினொரு பேரோவியங்கள் 1916இல் அங்கே நிறுவப்பட்டன. நடுச்சுவரில் கதிரவன், கடலுக்கும் பாறைகளுக்கும் மேலெழுந்து, கண் கூசும் ஒளியை எத்திசையும் வீசுகின்றான். ‘அலறல்’ தீட்டிய அதே கை!

அதே 1916இல் தலைநகரை அடுத்த எக்கெலியில் நிலம் வாங்கி, உழவரையும் குதிரைகளையும் ஆப்பிள் மரங்களையும் தீட்டி வாழ்ந்தார். 1937இல் நாசி அரசு, இழிந்த கலை என்று முத்திரையிட்டு அவருடைய 82 படைப்புகளை ஜெர்மானிய அருங்காட்சியகங்களினின்று அகற்றியது. 1940இல் நோர்வேயே ஜெர்மானியர் வசமாயிற்று. அவ்வாண்டுகளில் தீட்டிய தன்னுருவம் ஒன்றில், முள்ளில்லாத கடிகாரத்திற்கும் படுக்கைக்கும் இடையே முதியவராக நேராக நிற்கின்றார். பின்னால் அவருடைய ஓவியங்கள். 1944 ஜனவரி 23ஆம் நாள், எண்பதாம் அகவையில் மறைந்தார். தம்மிடமிருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஓவியங்களையும் பல்லாயிரம் அச்சுப்படங்களையும் ஆஸ்லோ நகருக்கே எழுதி வைத்திருந்தார். மருத்துவமனையை விட்டு வெளிவந்தபின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள்.