மான்டி நாயக்கர்

மான்டி நாயக்கர் (செப்டம்பர் 30, 1910 - ஜனவரி 12, 1978) என்று அறியப்படும் கங்காதுரா மோகாம்பரி நாயக்கர், தென்னாபிரிக்காவில் நிலவிய இனவொதுக்கல் கொள்கைக்கு எதிராகப் போராடிய இந்திய வம்சாவளித் தலைவர்களுள் முதன்மையானவர் ஆவார். தொழிலால் மருத்துவர். நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்து, மனுக்களையும் சமரசப் பேச்சுகளையும் நம்பியிருந்த அவ்வமைப்பை மக்கள் போராட்ட அமைப்பாக மாற்றினார். தென்னாபிரிக்க இந்தியரின் விடுதலை, கறுப்பின மக்களின் விடுதலையிலிருந்து பிரிக்க முடியாதது என்பதே இவரது அரசியலின் அடிப்படையாகும்.

பின்னணி

சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்க்கப்பட்ட தென்னிந்தியரை ஏற்றிக்கொண்டு 1860 ஆம் ஆண்டு நவம்பரில் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க அழைத்துச் செல்லப்பட்ட அம்மக்களில் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினர். பின்னர் குசராத்தி வணிகர்களும் அங்கு குடியேறினர். 1894 இல் மகாத்மா காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரசை நிறுவினார். 1914 இல் அவர் நாடு திரும்பிய பின், அவ்வமைப்பின் தலைமை பெரும்பாலும் வணிகர்களின் கையிலேயே இருந்தது. அரசுக்கு விண்ணப்பம் அனுப்புவதும் தூதுக்குழு செல்வதுமே அதன் வழிமுறைகளாக இருந்தன.

இளமையும் கல்வியும்

நாயக்கர் டர்பன் நகரில் பிறந்தார். பள்ளிப்படிப்பை முடித்தபின் பிரித்தானியாவுக்குச் சென்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பிற்காலத்தில் இவருடன் போராட்டக் களத்தில் நின்ற யூசுப் தாதூ, பெண் மருத்துவரான கே. குணம் ஆகியோரும் அதே நகரில் பயின்றவர்களே. இந்திய விடுதலை இயக்கத்தின் செய்திகளும் ஐரோப்பாவில் எழுந்த பாசிச எதிர்ப்பு உணர்வும் அக்கால மாணவர்களைப் பெரிதும் பாதித்தன. 1934 இல் பட்டம் பெற்று நாடு திரும்பிய நாயக்கர் டர்பனில் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கினார்.

காங்கிரசின் தலைமை

1943 இல் இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1944 இல் காங்கிரசின் பழைய தலைவர்கள் பிரதமர் சிமட்சுடன் பிரிட்டோரியா உடன்படிக்கை எனப்படும் சமரசத்தைச் செய்துகொண்டனர். குடியிருப்புப் பிரிவினையை இந்தியர் தாமே ஏற்பதற்கு இது ஒப்பாகும் என்று கருதிய தொழிற்சங்கத்தினரும் இளைஞர்களும் பிரிவினை எதிர்ப்பு மன்றம் என்ற அமைப்பைத் தொடங்கினர். நாயக்கர் அதன் தலைவரானார். 1945 அக்டோபரில் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

1946 அறவழிப் போராட்டம்

1946 இல் ஆசியர் நில உரிமை மற்றும் இந்தியர் பிரதிநிதித்துவச் சட்டம் நிறைவேறியது. இந்தியர் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே நிலம் வாங்கவும் வசிக்கவும் முடியும் என்று அது விதித்தது. அதற்கு ஈடாக நாடாளுமன்றத்தில் சில இடங்களை அளித்தது. ஆனால் அவ்விடங்களில் வெள்ளையர் மட்டுமே அமர முடியும். மக்கள் இதனைச் சேரிச் சட்டம் என்று அழைத்தனர்.

1946 ஜூன் 13 அன்று டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் இடத்திலிருந்த வெற்று நிலத்தில் நாயக்கரின் தலைமையில் தொண்டர்கள் கூடாரம் அடித்துத் தங்கினர். இந்தியர் தங்கக் கூடாத நிலத்தில் தங்குவதே போராட்ட முறையாகும். இரவு வேளைகளில் வெள்ளையர் கும்பல்கள் முகாமைத் தாக்கின. தொண்டர்கள் திருப்பித் தாக்கவில்லை. கைதான நாயக்கருக்கு ஆறு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்த இப்போராட்டத்தில் பெண்கள் உட்பட சுமார் 2000 பேர் சிறை சென்றனர்.

சட்டம் நீக்கப்படவில்லை. ஆயினும் போராட்டத்தின் எதிரொலி நாட்டுக்கு வெளியே கேட்டது. 1946 இல் இந்தியா தென்னாபிரிக்காவுடனான வணிகத்தை முறித்துக்கொண்டு, தென்னாபிரிக்க இந்தியர் நடத்தப்படும் விதத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் எழுப்பியது. தென்னாபிரிக்காவின் நிறவெறி உலக மன்றத்தில் விவாதத்துக்கு வந்தது இவ்வாறேயாகும்.

மூன்று மருத்துவர் உடன்படிக்கை

1947 மார்ச் 9 அன்று ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் ஆல்பிரட் சூமா, டிரான்சுவால் இந்தியக் காங்கிரசின் தலைவர் யூசுப் தாதூ, நாயக்கர் ஆகிய மூவரும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். அனைவருக்கும் வாக்குரிமை, நில உரிமை, நடமாடும் உரிமை ஆகியவற்றுக்காக இணைந்து செயல்படுவது என்பது இதன் சாரம். மூவருமே மருத்துவர்களாதலால் இது மூன்று மருத்துவர் உடன்படிக்கை எனப்பட்டது. இந்தியர் தமக்கென மட்டும் சலுகை கேட்கும் காலம் இதனுடன் முடிந்தது. அதே ஆண்டில் நாயக்கரும் தாதூவும் இந்தியாவுக்குச் சென்று காந்தியையும் நேருவையும் சந்தித்தனர்.

1948 இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இனவொதுக்கலை அரசின் முழுமையான கொள்கையாக்கியது. அடுத்த ஆண்டே உடன்படிக்கைக்குக் கடுமையான சோதனை வந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் உயிரிழந்தனர். இந்தியரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. ஆப்பிரிக்கரிடமிருந்து விலகி அரசின் பாதுகாப்பை நாடுவதே நல்லது என்ற எண்ணம் இந்தியரிடையே பரவக்கூடிய நேரம் அது. நாயக்கர் அவ்வழியில் செல்லவில்லை. இரு காங்கிரசுகளின் தலைவர்களும் ஒன்றுகூடி, மக்களைப் பிரித்து வைக்கும் அரசின் கொள்கையே கலவரத்தின் வேர் என்று கூட்டாக அறிவித்தனர்.

சட்டமறுப்பும் தேசத்துரோக வழக்கும்

1952 ஜூன் 26 அன்று ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசும் தென்னாபிரிக்க இந்தியக் காங்கிரசும் இணைந்து சட்டமறுப்பு இயக்கத்தைத் தொடங்கின. வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட வாயில்களிலும் இருக்கைகளிலும் தொண்டர்கள் வேண்டுமென்றே நுழைந்து கைதாயினர். நாடெங்கும் 8000-க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். டர்பனில் நாயக்கரும் சிறை புகுந்தார். 1952 இறுதியில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவரான ஆல்பர்ட் லுத்துலியும் நேட்டாலைச் சேர்ந்தவர். இருவரும் அறவழியில் நம்பிக்கை கொண்ட நெருங்கிய தோழர்களாயினர்.

1956 டிசம்பர் 5 அன்று நாடெங்கும் காவல்துறையினர் விடியற்காலையில் வீடுகளுக்குள் நுழைந்து தலைவர்களைக் கைது செய்தனர். லுத்துலி, நெல்சன் மண்டேலா, நாயக்கர் உட்பட 156 பேர் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. இக்குற்றத்துக்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாம். குற்றம் சாட்டப்பட்டோர் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். எஞ்சியவர்களும் 1961 மார்ச் 29 அன்று குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

தடையாணைகள்

நாயக்கரின் வாழ்வில் சிறையைக் காட்டிலும் நீண்ட தண்டனையாக அமைந்தவை தடையாணைகளே. தடை விதிக்கப்பட்டவர் கூட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. 1960களில் விதிகள் மேலும் இறுகி, அவருடைய பேச்சையோ எழுத்தையோ பத்திரிகைகள் வெளியிடுவதும் குற்றமாயிற்று. இதற்கு நீதிமன்ற விசாரணை எதுவும் தேவையில்லை. அமைச்சரின் கையொப்பமே போதுமானது.

1960 இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு தடைசெய்யப்பட்டது. தாதூ நாட்டை விட்டு வெளியேறினார். 1961 இறுதியில் ஆயுதப் போராட்டம் தொடங்கியபோதும் நாயக்கர் அறவழியையே பற்றி நின்றார். இந்தியக் காங்கிரசு சட்டப்படி தடைசெய்யப்படவில்லை. எனினும் அதன் தலைவர்கள் ஒவ்வொருவராக முடக்கப்பட்டதால் அது செயலிழந்து, 1971 இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. ஒரு காலத்தில் டர்பன் மைதானங்களில் ஆயிரக்கணக்கானோரிடையே பேசியவர், பல ஆண்டுகள் பொதுமேடை ஏற முடியாதவராக அதே நகரில் வாழ்ந்தார்.

மறைவு

மான்டி நாயக்கர் 1978 ஜனவரி 12 அன்று தமது 67 ஆம் அகவையில் டர்பனில் காலமானார். அப்போது மண்டேலா ராபன் தீவுச் சிறையில் இருந்தார். லுத்துலி 1967 இலேயே மறைந்துவிட்டார். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மூவரில் எஞ்சியிருந்த தாதூவும் 1983 இல் இலண்டனில் காலமானார். அனைவருக்கும் வாக்குரிமை என்று 1947 இல் அவர்கள் கேட்டது 1994 ஏப்ரலில் நடந்த தேர்தலில் நிறைவேறியது. அதைக் காண மூவரில் ஒருவரும் இல்லை.

நினைவு

டர்பன் நகரின் முக்கியச் சாலைகளுள் ஒன்றான பைன் தெரு, மான்டி நாயக்கர் சாலை எனப் பெயர் மாற்றப்பட்டது. அசுவின் தேசாய், கூலம் வாகித் ஆகியோர் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 2010 இல் வெளிவந்தது.