மென்தாளில் பதிந்த எழுத்து

மங்கல நிகழ்வுக்கான அழைப்பிதழ் இல்லம் தேடி வரும்போது, அதிலுள்ள செய்தியைக் கண்கள் படிப்பதற்கு முன்பே விரல்கள் தாளைத் தடவிப் பார்த்துவிடுகின்றன. தாளின் வழவழப்பும் எழுத்தின் தெளிவும் மையின் கருமையும் நாற்புறமும் விடப்பட்ட வெற்றிடமும் ஒன்றுகூடி, அழைப்பவர் நம்மை எவ்வளவு மதிக்கிறார் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. எழுத்து, மை, தாள், அச்சுப்பொறி ஆகிய நான்கையும் தனித்தனியே விட்டுவிடாமல் ஒரே கலையின் உறுப்புகளாகக் கருதி, அவற்றுக்காகத் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் செலவிட்டவர் இங்கிலாந்து நாட்டின் ஜான் பாஸ்கர்வில். கணினியில் ஆங்கில எழுத்துருக்களின் பட்டியலைத் திறப்போர் இன்றும் அவர் பெயரை அங்குக் காணலாம். ஆயினும் அவர் வாழ்ந்த காலத்தில், அவருடைய எழுத்து கண்ணைக் கெடுக்கும் என்றே பலர் கூறினர்.

கல்லில் தொடங்கிய கலை

பாஸ்கர்வில் 1706ஆம் ஆண்டு வூஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள உல்வர்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே அவருடைய கையெழுத்து காண்போரைக் கவர்ந்தது. இருபது வயதை ஒட்டிப் பர்மிங்காம் நகருக்கு வந்து, சிறுவர்களுக்கு அழகிய கையெழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார். அத்துடன் கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறித்துக் கொடுக்கும் தொழிலையும் மேற்கொண்டார். தம் கைத்திறனை வாடிக்கையாளர்க்குக் காட்டுவதற்காகச் சிறிய கற்பலகை ஒன்றில் வெவ்வேறு எழுத்து வகைகளைச் செதுக்கி வைத்திருந்தார். இறகுப் பேனா எழுதும்போது ஒரே எழுத்தில் மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிமாறி வரும். அந்த நயத்தைக் கல்லுக்குள் கொண்டுவரப் பழகிய கைகளே பின்னாளில் உலோகத்துக்குள்ளும் அதனைக் கொண்டுவந்தன.

எழுத்தால் வயிறு நிரம்பவில்லை. எனவே 1740ஆம் ஆண்டை ஒட்டி, அரக்கு மெருகுத் தொழிலில் இறங்கினார். உலோகத் தட்டுகளுக்கும் பேழைகளுக்கும் பலமுறை வார்னிஷ் பூசி, சூளையில் உலர்த்தி, கண்ணாடிபோல் பளபளக்கச் செய்யும் தொழில் அது. கீழை நாடுகளிலிருந்து வந்த அரக்குப் பொருள்களைப் பார்த்து ஐரோப்பியர் உருவாக்கிக்கொண்ட மாற்று முறை என்று இதனைக் கூறலாம். 1742இல் அத்தொழிலில் தாம் கண்ட புதுமைக்குக் காப்புரிமையும் பெற்றார். செல்வம் பெருகியது. நகரின் எல்லையில் எட்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, ஈசி ஹில் என்ற பெயரில் மாளிகை ஒன்றை எழுப்பினார். பொன்சரிகை பின்னிய மேலங்கி அணிந்து, பலகைதோறும் ஓவியம் தீட்டிய வண்டியில் இவர் செல்வதைப் பர்மிங்காம் மக்கள் வியந்தும் நகைத்தும் பார்த்தனர். எளிமையை விரும்பியவர் என்று இவரைச் சொல்ல இயலாது. ஆனால், அவர் அச்சிட்ட நூல்களிலோ ஒப்பனையே இல்லை. இந்த முரண்பாடு எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஏழாண்டு உழைப்பு

1750ஆம் ஆண்டளவில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், பாஸ்கர்வில் அச்சுத் தொழிலைத் தொடங்கினார். பிறர் வார்த்த எழுத்துகளை விலைக்கு வாங்கி அச்சிடுவதே அன்றைய அச்சகத்தார் வழக்கம். வில்லியம் காஸ்லன் என்பவர் இலண்டனில் வார்த்த எழுத்துகள் நாடெங்கும் புழங்கின. காஸ்லனின் திறமையைப் பாஸ்கர்வில் மனமாரப் போற்றினார். எனினும், இன்னும் ஒருபடி முன்னேற இடமுண்டு என்றும் நம்பினார்.

அக்காலத்தில் ஓர் எழுத்தை உருவாக்குவது எளிய செயலன்று. முதலில் எஃகுத் துண்டின் முனையில், எழுத்தின் வடிவத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அந்த எஃகு முளையைச் செப்புத் துண்டின்மேல் வைத்து அடித்துப் பள்ளம் உண்டாக்க வேண்டும். அப்பள்ளத்தை வார்ப்புக் கருவியில் பொருத்தி, உருகிய ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து ஒன்று கிடைக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வெழுத்து, எண், நிறுத்தக்குறி என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி முளை தேவை. பாஸ்கர்வில் வடிவங்களை வரைந்து கொடுக்க, ஜான் ஹேண்டி என்னும் கைவினைஞர் அவற்றை எஃகில் செதுக்கினார். மனநிறைவு தராதவற்றை நீக்கிவிட்டு மீண்டும் செதுக்கச் செய்தார்.

எழுத்துகள் உருவான பின்னரே அடுத்த இடர்ப்பாடு வெளிப்பட்டது. அவருடைய எழுத்திலிருந்த மெல்லிய கோடுகளை அக்காலத் தாள் தாங்கவில்லை. கந்தல் துணிக் கூழை, இணைகோடுகளாகக் கம்பி கட்டிய சட்டத்தில் அள்ளித் தாளாக்குவர். அக்கம்பிகளின் தடம் தாளில் வரிவரியாகப் படிந்திருக்கும். மேடுபள்ளமான அந்தப் பரப்பில் மயிரிழை போன்ற கோடு முழுமையாகப் பதியாது. கென்ட் பகுதியில் தாள் செய்துவந்த ஜேம்ஸ் வாட்மன், நுண்ணிய கம்பியைத் துணிபோல் நெய்து சட்டத்தில் பொருத்தி, வரித்தடம் இல்லாத தாளைச் செய்தார். பாஸ்கர்வில் தம் முதல் நூலின் ஒரு பகுதியை அத்தாளிலேயே அச்சிட்டார்.

மையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழைய ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி, மாதக்கணக்கில் தெளியவிட்டு, விளக்குக்கரியைச் சேர்த்து அரைத்துச் செறிந்த கருமையைப் பெற்றார். அச்சுப்பொறியின் அழுத்தும் பலகையைத் தடித்த பித்தளையால் அமைத்துச் சமப்படுத்தினார். அச்சான ஈரத்தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கு இடையில் வைத்து அழுத்தி மெருகேற்றினார். அரக்குப் பூசிய தட்டைப் பளபளக்கச் செய்தவருக்குத் தாளைப் பட்டுப்போல் ஆக்கும் எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. இவ்வாறு மெருகேற்றிய கடிதத் தாள்களும் அவர் கடையிலிருந்து விற்பனைக்குச் சென்றன.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இக்காலத்தில் உயர்விலை அழைப்பிதழ்களை ஈய எழுத்தோ வார்ப்புத் தகடோ கொண்டு அச்சிடுவோர், எழுத்து தாளில் குழிந்து பதிவதையே அழகு என்று காட்டுவர். பாஸ்கர்வில் விரும்பியது அதற்கு நேர்மாறானது. எழுத்து தாளைக் குத்தாமல், அதன்மேல் மெல்லத் தங்க வேண்டும் என்பதே அவர் கருத்து. சூடான தகடுகள் அந்தக் குழிவையும் அழித்துவிட்டன.

இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் படைப்புகள் 1757இல் அவருடைய முதல் நூலாக வெளிவந்தன. பூங்கொடி, சித்திரம், வண்ணம் எதுவும் அதில் இல்லை. அகன்ற வெற்றிடத்தின் நடுவே கருநிற எழுத்துகள் மட்டும் நின்றன. முன்பணம் செலுத்திப் படிகளைப் பெற்றோருள் அமெரிக்க அறிஞரான பெஞ்சமின் பிராங்ளினும் ஒருவர். தாமும் அச்சுத் தொழிலில் வளர்ந்தவராதலால் அவர் ஆறு படிகளுக்குப் பதிவு செய்திருந்தார். அடுத்த ஆண்டு வெளியான மில்டன் பதிப்பின் முன்னுரையில் பாஸ்கர்வில் தம் நோக்கத்தை விளக்கினார். பல நூல்களை அச்சிடுவது தம் விருப்பமன்று என்றும், நிலைத்த மதிப்புடைய சில நூல்களை அவற்றுக்கேற்ற அழகுடன் தருவதே விருப்பம் என்றும், அதற்குச் செலுத்தும் உழைப்புக்கு ஈடான விலையை மக்கள் தருவர் என நம்புவதாகவும் அவர் எழுதினார்.

கண்ணைக் கெடுக்கும் எழுத்து

அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. இலண்டன் அச்சகத்தாரும் புத்தக வணிகரும் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்கவில்லை. எழுத்தின் கோடுகள் மிக மெல்லியவை, தாளின் மினுமினுப்பு கண்ணைக் கூசச் செய்கிறது என்ற குறைகூறல்கள் பரவின. இதைப் பற்றிப் பிராங்ளின் 1760இல் பாஸ்கர்வில்லுக்கு ஒரு மடல் எழுதினார். பாஸ்கர்வில்லின் எழுத்து நாட்டு மக்கள் அனைவரையும் குருடாக்கிவிடும் என்று ஒருவர் பிராங்ளினிடம் கூறினாராம். அவரைச் சோதிக்க எண்ணிய பிராங்ளின், காஸ்லனின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, பெயருள்ள மேற்பகுதியைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லின் எழுத்து இதுவே என்று நீட்டினார். குறைகள் எவை என்று காட்டும்படியும் வேண்டினார். அவரோ ஒவ்வோர் எழுத்திலும் குறையைச் சுட்டிக் காட்டி, இதைப் படிக்கவே கண் வலிக்கிறது என்றும் சொன்னார். வாழ்நாள் முழுவதும் அவர் நிம்மதியாகப் படித்துவந்த எழுத்து அது. அவர் நாணமுறுவாரே என்று கருதிப் பிராங்ளின் உண்மையைச் சொல்லவில்லை.

நகைப்புக்குரிய நிகழ்ச்சிதான். ஆனால், குறைகூறல் பொய்யாயினும் அதனால் ஏற்பட்ட இழப்பு மெய்யாகவே இருந்தது. 1758இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அச்சாளராகப் பாஸ்கர்வில் அமர்த்தப்பட்டார். அந்த உரிமைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு அவரே பணம் செலுத்த வேண்டியிருந்தது. 1763இல் விவிலியத்தைப் பெரிய அளவில் அச்சிட்டார். சமய நம்பிக்கை இல்லாதவர் என்று அறியப்பட்ட ஒருவர் பதிப்பித்த அந்நூலை, உலகின் மிக அழகிய விவிலியப் பதிப்புகளுள் ஒன்றாக அச்சுக்கலை வல்லுநர்கள் இன்றும் கருதுகின்றனர். அச்சிட்ட 1250 படிகளில் ஒரு பகுதி தேங்கிக் கிடந்தது. எஞ்சியவற்றை இலண்டன் வணிகர் ஒருவருக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட நேர்ந்தது.

மனம் சலித்த அவர், எழுத்துகளையும் கருவிகளையும் விற்றுவிட முயன்றார். பிரான்சு நாட்டு அரசு வாங்குமா என்று பிராங்ளின் வழியாகக் கேட்டுப் பார்த்தார். போரினால் கருவூலம் வற்றிய அந்நாடு அதில் ஆர்வம் காட்டவில்லை. அச்சில் இழந்ததை அரக்கு மெருகுத் தொழிலின் வருவாயே ஈடுசெய்தது.

சாரா

அவருடைய வாழ்வில் சாரா ஈவ்ஸ் என்னும் பெண்மணிக்குப் பெரும் பங்குண்டு. குற்றத்துக்கு அஞ்சிக் கணவர் ஓடிவிட, பிள்ளைகளுடன் தனித்துவிடப்பட்ட சாரா, பாஸ்கர்வில்லின் இல்லத்தைக் கவனித்துக்கொள்ள வந்தார். பின்னர் அவருக்குத் துணைவியானார். ஊர் பழித்தது. முதற்கணவர் 1764இல் இறந்த சில வாரங்களில் இருவரும் மணந்துகொண்டனர். 1775 ஜனவரி 8ஆம் நாள் பாஸ்கர்வில் மறைந்த பிறகு, எழுத்து வார்ப்புப் பணியைச் சாராவே சில காலம் நடத்தினார். அவற்றை இங்கிலாந்தில் விலை கொடுத்து வாங்குவாரில்லை. 1779இல் பிரெஞ்சு நாடக ஆசிரியர் பொமார்ஷே அவற்றை வாங்கினார். பிரான்சில் தடைசெய்யப்பட்டிருந்த வால்டேரின் படைப்புகளை, ரைன் ஆற்றுக்கு அப்பால் கேல் என்னும் ஊரில் அவ்வெழுத்துகளைக் கொண்டு அச்சிட்டார். பல கைகள் மாறிய எஃகு முளைகளைப் பிரெஞ்சு எழுத்து வார்ப்பு நிறுவனம் ஒன்று 1953இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு அன்பளிப்பாக வழங்கியது. பாஸ்கர்வில் எழுத்தைத் தழுவி 1996இல் உருவான எழுத்துரு ஒன்றுக்குச் சாராவின் நினைவாகத் திருமதி ஈவ்ஸ் என்று பெயரிடப்பட்டது.

பாஸ்கர்வில்லின் உடலோ நெடுங்காலம் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. தேவாலய மண்ணை விரும்பாத அவர், தம் தோட்டத்துக் கூம்பு வடிவக் கட்டடத்திலேயே அடக்கம் செய்யுமாறு உயில் எழுதியிருந்தார். 1791இல் நிகழ்ந்த கலவரத்தில் அவருடைய மாளிகை எரிந்தது. 1821இல் அந்நிலத்தைத் தோண்டியபோது ஈயப் பேழை வெளிப்பட்டது. கடை ஒன்றில் பல்லாண்டு கிடந்து, தேவாலய நிலவறை ஒன்றுக்குச் சென்று, நூற்றாண்டின் இறுதியில் வார்ஸ்டோன் லேன் இடுகாட்டை அடைந்தது. இளமையில் வாடிக்கையாளர்க்குக் காட்டுவதற்காக அவர் செதுக்கிய கற்பலகை பர்மிங்காம் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கல்லறைக் கற்களில் வேண்டிய வடிவில் எழுத்துப் பொறித்துத் தரப்படும் என்ற அறிவிப்பும், அதன்கீழ்க் கையெழுத்து ஆசிரியர் ஜான் பாஸ்கர்வில் என்ற பெயரும் அதில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.