பச்சையப்பர் சொத்து யாருக்கு?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. நெடுங்காலம் அந்த மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. தந்தைக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று மலையே வாரிசுச் சொத்தாக இறங்கி வந்தது. 1976-ம் ஆண்டில் அரசாங்கம் ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. அதோடு அந்த வழக்கம் முடிந்தது.

சொத்து இருந்தால் வாரிசு வேண்டும். வாரிசு இல்லாவிட்டால் வழக்கு வரும். இது உலகம் அறிந்த விஷயம்.

ஆனால் ஒரு பெரிய பணக்காரரின் சொத்து, அவருடைய உறவினருக்கும் போகவில்லை. அவர் நினைத்தே பார்த்திராத ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது! அவர்தான் பச்சையப்ப முதலியார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியைத் தெரியாதவர் இல்லை. ஆனால், பச்சையப்பர் கல்லூரி எதையும் கட்டவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தந்தை முகம் அறியாத பிள்ளை

பச்சையப்பர் 1754-ம் ஆண்டில் பிறந்தார். காஞ்சிபுரம் குடும்பம். தந்தை விசுவநாத முதலியார். மகன் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தாயார் பூச்சியம்மாள்.

கையில் பணம் இல்லை. பெரியபாளையத்தில் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெரிய மனிதர் ஆதரவு கொடுத்தார். சில ஆண்டுகளில் அவரும் காலமானார். தாயார் மனம் தளரவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னைப் பட்டணம் வந்தார்.

அங்கே நாராயண பிள்ளை என்ற துபாஷி இருந்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சையும் கணக்கையும் நடத்துபவர். நாராயண பிள்ளை இரக்கம் உள்ளவர். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஆதரவு காட்டினார். இங்கிலீஷும் வியாபாரமும் கற்க வழி செய்தார்.

பிற்காலத்தில், இந்த நாராயண பிள்ளையின் கைக்கே பச்சையப்பரின் உயில் வந்து சேரப்போகிறது!

பணம் குவிந்தது

பதினாறு வயதிலேயே பச்சையப்பர் வேலைக்குப் போனார். வியாபாரிகளுக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்தார். நாணயமான பையன் என்று பெயர் எடுத்தார். பிறகு நிலவரி வசூலைக் குத்தகை எடுத்தார். இத்தனை பணம் கட்டுகிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, ஊர் ஊராக வரி வசூலிப்பதுதான் அந்தக் குத்தகை. மழை பெய்தால் லாபம், பொய்த்தால் நஷ்டம்.

அடுத்து தஞ்சாவூர்ச் சீமை. அங்கே கம்பெனி அதிகாரிக்குத் துபாஷி ஆனார். தஞ்சை அரசருக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். சென்னையில் கூவம் நதிக்கரையில் கோமளீசுவரன்பேட்டையில் வீடு. அந்த நாளில் கூவத்தில் தெளிந்த தண்ணீர் ஓடியது. அதில் குளித்து, பக்கத்திலிருந்த சிவன் கோவிலில் கும்பிட்ட பிறகுதான் அவருக்கு மற்ற வேலை.

கோவில் காரியம் என்றால் கை தாராளம். சிதம்பரம் நடராசர் கோவிலுக்கு நிறையச் செய்தார். கிழக்குக் கோபுரத் திருப்பணியில் அவருக்குப் பங்கு உண்டு.

வீட்டுக்குள் ஒரு குறை

பெட்டி நிறைந்தது. மனம் நிறையவில்லை.

அக்காள் மகள் அய்யாளம்மாளைப் பச்சையப்பர் மணந்திருந்தார். ஆண் குழந்தை இல்லை. வேதாரண்யத்திலிருந்து பழனியாயி என்ற பெண்ணை இரண்டாந்தாரமாக மணந்தார். அப்போதும் குடும்பத்துக்கு ஆண் வாரிசு பிறக்கவில்லை.

ஒரு வீட்டில் இரண்டு மனைவியர். சுற்றிலும் உறவினர். நடுவில் மலைபோல் சொத்து. அதற்குப் பின் என்ன நடக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். பச்சையப்பரும் ஊகித்திருக்க வேண்டும். நோய் வந்து உடல் தளர்ந்தபோது அவர் செய்த காரியம் அதைக் காட்டுகிறது.

ஒன்பது நாள்

1794-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி. கும்பகோணத்தில் இருந்த பச்சையப்பர் உயில் எழுதினார். தம்மை ஆளாக்கிய நாராயண பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

காசி முதல் கன்னியாகுமரி வரை கோவில்களில் பூசையும் அன்னதானமும் தருமமும் நடக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். சொத்தின் பெரும் பகுதியை அதற்கே எழுதி வைத்தார்.

ஒன்பதே நாள். மார்ச் 31-ந் தேதி திருவையாற்றில் காவிரிக் கரையில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பதுதான்.

உயில் எழுதியவர் போய்விட்டார். சண்டை தொடங்கியது!

தூங்கிய பணம்

உறவினர்கள் உரிமை கொண்டாடினார்கள். சொத்தில் பெரும் பகுதி ரொக்கமாகப் பெட்டியில் இல்லை. பல பேருக்குக் கொடுத்த கடனாக வெளியில் நின்றது. அதை வசூலிப்பதே பெரும்பாடு. நிர்வாகம் கை மாறியது. ஆண்டுகள் ஓடின. சொன்னபடி தருமம் நடக்கவில்லை.

இப்படி ஒரு குடும்பச் சொத்து முடங்கினால் சாதாரணமாக என்ன ஆகும்? வக்கீல் செலவில் பாதி கரையும். மீதி சில கைகளில் மறையும். பச்சையப்பர் சொத்துக்கும் அந்தக் கதி வந்திருக்கும்.

ஆனால் அது குடும்பத்துக்கு மட்டும் உரிய சொத்தாக இல்லை. தருமத்துக்கு எழுதிய சொத்து. தரும சொத்தைக் காப்பது அரசாங்க வக்கீலின் கடமை. சென்னையின் தலைமை அரசாங்க வக்கீலாக இருந்த காம்ப்டன் என்ற ஆங்கிலேயர் விஷயத்தைக் கையில் எடுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு என்று அப்போது பெயர் பெற்றிருந்த சென்னைப் பெரிய கோர்ட்டுக்குப் போனது.

வழக்கு நடந்த காலமெல்லாம் வட்டி ஏறியது. இறுதியில் கணக்குப் பார்த்தபோது, கோவில் தருமங்களுக்கு நாலரை லட்சம் ரூபாய் ஒதுக்கியும் பெருந்தொகை மிஞ்சி நின்றது. அந்த நாளில் அது பிரமாண்டமான பணம்.

மிச்சத்தை என்ன செய்வது?

எதிர்பாராத வாரிசுகள்

காம்ப்டனுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜார்ஜ் நார்ட்டன். நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் அக்கறை கொண்டவர். கோவில் தருமம் போக மீதி இருப்பதைக் கல்விக்குச் செலவிடலாம் என்ற திட்டம் உருவானது. கோர்ட்டும் ஒப்புக்கொண்டது.

1842-ம் ஆண்டு சனவரியில் சென்னையில் பச்சையப்பர் பெயரால் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அவர் கண்மூடி ஏறக்குறைய 48 ஆண்டுகள் ஆகியிருந்தன! ஏழைப் பிள்ளைகள் சிலேட்டும் பலகையுமாக வந்து உட்கார்ந்தார்கள். 1889-ல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1940-ல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது.

ஒரு குறையும் இருந்தது. வெகுகாலம் இந்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்தார்கள். நாடு விடுதலை பெற்ற 1947-ம் ஆண்டில்தான் எல்லா மதத்தினருக்கும் கதவு திறந்தது.

கணித மேதை ராமானுசன் இங்கே படித்தார். பரீட்சையில் தேறாவிட்டாலும் உலகம் அவரைத் தேடி வந்தது. காஞ்சிபுரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை இங்கே எம்.ஏ. வரை படித்தார். 1967-ல் முதலமைச்சர் ஆனார். காஞ்சிபுரத்துக் குடும்பப் பிள்ளை ஒருவர் சேர்த்த பணம், காஞ்சிபுரத்துப் பிள்ளை இன்னொருவருக்குப் படிப்பாக வந்தது!

பச்சையப்பர் உயிலில் மகனுக்கு எழுத இடம் இல்லை. கோவிலுக்கு எழுதினார். பணம் கோவிலுக்கும் போனது, பள்ளிக்கூடத்துக்கும் போனது. தகப்பன் முகம் காணாமல் வளர்ந்து, பிறர் தயவில் நாலு எழுத்துக் கற்றவர் அவர். அப்படிப்பட்ட ஆயிரம் ஆயிரம் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லிப் படித்தார்கள்.

உறவினர் சண்டை போட்ட சொத்து என்ன ஆயிற்று என்று கேட்டால், அந்தப் பிள்ளைகளைத்தான் காட்டவேண்டும்.